தார்ப்பாய்க்கு அடியில் கொள்ளிடத்து மணல்

எங்கள் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. விடிந்ததும் கலவை மெஷின் வந்தது.
2. மாமா தேங்காய் உடைத்தார். அது கோணலாக உடைந்தது. எல்லாரும் பார்த்தார்கள், உடனே மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.
3. முக்கால்வாசித் தளம் முடிந்திருந்தபோது மணல் தீர்ந்தது.
4. மெஷினை நிறுத்தினார்கள்.
5. எல்லாரும் மணல் தேடினார்கள், மணல் இருந்த இடத்தை விட்டுவிட்டு.
6. நான் வாயைத் திறந்தேன். அம்மா கிள்ளினாள்.
7. பெரியப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
8. மழைக்கு முன் தளம் முடிந்தது.

இதில் ஆறாவது மட்டும் அன்றைக்கே எனக்குப் புரிந்தது, வலித்ததால். ஐந்தாவதும் ஏழாவதும் புரிய வெகுகாலம் ஆனது.

நான் இப்போது சிதம்பரத்துக்கு வெளியே ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையின் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். லாரியில் வரும் மணலை அடுக்குச் சல்லடைகளில் போட்டுக் குலுக்கி எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பதும், கண்ணாடிக் குடுவையில் தண்ணீரோடு கலக்கி வைத்து எவ்வளவு வண்டல் படிகிறது என்று பார்ப்பதும் என் வேலை. வருவதெல்லாம் எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்த மணல். ஆற்று மணலைப் பார்ப்பது அபூர்வம். எப்போதாவது யாராவது ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தால், சோதனைக்கு முன் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பேன். விதிமுறைப் புத்தகத்தில் அப்படி ஒரு சோதனை கிடையாது. அது பெரியப்பாவின் பழக்கம்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரே மனையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். பெரியப்பாவுடையது நான் பிறப்பதற்கு முன்பே கட்டிய தளம் போட்ட வீடு. எங்களுடையது ஓட்டு வீடு. நான் நான்காம் வகுப்புக்குப் போன வருடம் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடிக்கும்வரை நாங்கள் பெரியப்பா வீட்டு முன்னறையில் இருந்தோம். அடுப்பு ஒன்றுதான். அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து சமைத்தார்கள். குழம்பில் புளி யார் போடுவது என்பதில் மட்டும் சின்னக் கருத்து வேறுபாடு இருந்தது.

பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். பிற்பாடு மேலே கட்டும்போது அவற்றோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டித் தூணை உயர்த்த வேண்டும் என்பதற்காக விட்டுவைத்தவை. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் தலையில் இப்படிக் கம்பி நிற்கும். மழைத்தண்ணீர் பட்டுத் துருவேறாமல் இருக்க, ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டியிருந்தார் பெரியப்பா. காற்று அடித்தால் பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். புதிதாக வருகிறவர்கள் என்ன சத்தம் என்று கேட்பார்கள். நாங்கள் கேட்டதாகவே நினைவில்லை.

மேல்தளம் அண்ணனுக்காக. அண்ணன் என்றால் பெரியப்பாவின் ஒரே மகன். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவன் சிங்கப்பூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வந்ததும் மேலே கட்டுவது, கட்டி முடித்ததும் கல்யாணம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. அதற்கான மணலைப் பெரியப்பா முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்.

அவருக்கு அப்போது சிதம்பரத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவார். கூட வேலை பார்த்தவர் ஒருவருக்குக் கொள்ளிடக் கரையில் சொந்த ஊர். அவர் மூலமாக, குவாரிகள் திறந்திருந்த காலத்தில், நல்ல மணலாக ஒரு லாரி இறக்கிக்கொண்டார். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள சந்தில் அது குவிந்து கிடந்தது. மேலே நீலத் தார்ப்பாய். தார்ப்பாயின் ஓரமெல்லாம் செங்கல். பூனைகள் அசிங்கம் செய்யாமலிருக்க அதற்கும் மேலே கருவேல முள். கோட்டையைக்கூட இவ்வளவு சிரத்தையாகக் காத்திருக்க மாட்டார்கள்.

தெருவில் எந்த வீட்டு வாசலில் மணல் கொட்டினாலும் அது சாயங்காலத்துக்குள் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடும். இந்த ஒரு மணல் மட்டும் அப்படி ஆகவில்லை. கிட்டே போனால், "அண்ணனோட மணலு, தொடாத" என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வரும். பார்க்காமலே எப்படித் தெரிகிறது என்பது எனக்கு விளங்காத ஒன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தார்ப்பாய் விலகும். பெரியப்பா சாய்வாக ஒரு வலைச் சல்லடையை நிறுத்தி, அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வீசிச் சலிப்பார். கிளிஞ்சலும் கூழாங்கல்லும் இந்தப் பக்கம் விழும். மணல் அந்தப் பக்கம் போகும். விழுந்த கிளிஞ்சல் எனக்கு. அப்போதுதான் அண்ணன் போன் பண்ணுவான். பெரியப்பா ஸ்பீக்கரைப் போட்டு மதில்மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்.

"மணலப் பாக்கணும்டா நீ. ஒரு துளி களி கெடயாது. கையில ஒட்டுதான்னு பாரு, ஒட்டாது" என்று போனுக்கு உள்ளங்கையைக் காட்டுவார். அது சாதாரண போன். குரல் மட்டும்தான் போகும்.

"சரிப்பா" என்பான் அண்ணன்.

"எப்ப வர?"

"அடுத்த வருசம் பாக்கலாம்பா." பிறகு என்னிடம், "வாலு, ஒனக்கு என்னா வேணும்?" என்பான். நான் சொல்வேன். அது வரவும் செய்யும், யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புவான். ஆகவே என் பார்வையில் அண்ணன் சொன்ன சொல் தவறாதவன்.

எங்கள் வீட்டு வேலையை மேற்பார்வை பார்த்தது மாமா, அம்மாவின் தம்பி. மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் இருந்தார். கட்டட வேலையில் அவருக்கு இருந்த தகுதிகளில் முக்கியமானது, சொந்தமாக ஒரு அளவு நாடா வைத்திருந்தது. பெண்ணையாற்று மணல் லாரியில் வந்து இறங்கியபோது நாடாவை நீட்டிக் குவியலின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து, வாய்க்குள் பெருக்கிப் பார்த்து, "கவலயே படாதீங்க மச்சான். தளம் போட்டு மிச்சமே ஆவும்" என்று அப்பாவிடம் அறிவித்தார். மணலிலிருந்து அப்போதும் தண்ணீர் கசிந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அரசாங்கத்தில் ஆற்று மணல் குவாரிகளை மூடிவிட்டார்கள். மணல் லாரி தெருவுக்குள் வந்தால் கோயில் தேர் வந்த மாதிரி எல்லாரும் வெளியே வந்து பார்க்கிற நிலைமை. எம்-சாண்ட் அப்போது எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. ஆனால் மேஸ்திரிகள் அதைக் கல்லுத்தூள் என்று சொல்லி முகம் சுளிப்பார்கள்.

தளம் போட நாள் குறித்திருந்த வாரத்தின் தொடக்கத்தில், பெரியப்பா சிதம்பரத்திலிருந்து வரும்போது பெரிய பெட்டி நிறைய ஜாங்கிரி வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனார்.

"பையனுக்கு பி.ஆர். கெடச்சிடுச்சு. எடுத்துக்குங்க."

பி.ஆர். என்பது ஏதோ பெரிய பரீட்சை என்று நான் முடிவு செய்துகொண்டேன். அண்ணன் எல்லாப் பரீட்சையிலும் பாஸாகிறவன், இதிலும் பாஸாகிவிட்டான். எதிர்வீட்டுக்காரர் ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, "அப்பறம் என்னா? இனிமே அங்கியே செட்டிலு. ஒங்க ரெண்டு பேரையும் கூப்டுக்குவான் பாருங்க" என்றார்.

"ஆமா ஆமா. இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்று பெரியப்பா பெட்டியை நீட்டினார்.

பெரியம்மா அன்று ஜாங்கிரியைத் தொடவில்லை. பல்வலி என்றார். அவர் பங்கையும் நான்தான் தின்றேன். அந்த வாரத்தின் மிக நல்ல நாளாக அது எனக்குப் பதிந்திருக்கிறது.

தளம் போடும் நாள் புரட்டாசியின் கடைசியில். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் வானத்தை நம்பி எதுவும் செய்ய முடியாது. கலவை மெஷின் வந்தது, தேங்காய் உடைந்தது, வேலை தொடங்கியது. பெட்டியில் அளந்து மணலும் ஜல்லியும் போடுவார்கள், சிமெண்டைக் கொட்டுவார்கள், மெஷின் சுற்றும், கலவை சட்டி சட்டியாகக் கை மாறிச் சாரத்தின் வழியே மேலே போகும். பெண்கள் வரிசையாக நின்று சட்டியை வீசிப் பிடிப்பார்கள். பேச்சும் சிரிப்பும் ஓயவில்லை. மெஷின் சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பெரியப்பா லீவு போட்டுவிட்டுத் தன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டார். எங்கள் தளத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கம்பிகளுக்கும் கவிழ்த்த பாட்டில்களுக்கும் நடுவில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு வேளை நெருங்கியபோது மேஸ்திரி மணல் குவியலின் பக்கம் வந்து பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். குவியல் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

"என்னாங்க, இன்னும் எத்தன நட போடறது? சமையக்கட்டு மூல அப்டியே பாக்கி கெடக்கு."

"ஜாஸ்தியாதான இருந்துச்சு?" என்றார் மாமா. நாடாவைத் தேடிப் பையில் கை விட்டார், ஏனோ.

"இருந்துச்சு. இப்ப இல்ல."

மாமா அம்மாவிடம் திரும்பினார். "யக்கா, யாருக்கெல்லாம் மணலத் தூக்கிக் குடுத்த?"

"எதுர்த்த வூட்ல தொட்டி பூசறதுக்கு ரெண்டு சட்டி கேட்டாங்க. ரெண்டே சட்டிடா."

"அப்பறம்?"

"அம்மன் கோயிலுக்கு கொஞ்சம். அது சாமிக்குடா."

"சாமி என்னா, தளமா போடுது?"

சட்டி வரிசையில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பல வருடங்களுக்கு எங்கள் குடும்பத்தில் மணல் தீர்ந்ததற்குக் காரணம் அம்மாவின் தாராள குணம் என்றே பேசப்பட்டது. விசேஷ வீடுகளில் சோறு பற்றாமல் போனால்கூட, "பரிமாறுனது யாரு, எங்கக்காவா?" என்பார் மாமா.

மெஷினை நிறுத்தச் சொன்னார் மேஸ்திரி. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் தெரு வேறு தெருவாகிவிட்டது.

"ஒரே மூச்சுல போட்டு முடிக்கணுங்க" என்று அப்பாவிடம் சொன்னார் மேஸ்திரி. "போட்டது எறுகிட்டா புதுசு அதோட ஒட்டாது. அந்த ஒட்டுலதான் நாளைக்கி தண்ணி எறங்கும், கம்பி துருப்புடிக்கும். அடுப்புக்கு நேரா ஒழுகுதுன்னு என்னியத்தான் கூப்புடுவீங்க."

அப்பா வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மாமா பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அப்பா மூன்று நான்கு பேருக்குப் போன் செய்தார். ஒருவர் குவாரி மூடியிருப்பதைப் புதுச் செய்தியாகச் சொன்னார். இன்னொருவர் பண்ருட்டியிலிருந்து ஒரு லாரி கிளம்பியிருக்கிறது, ஆனால் கடலூர் வருமா என்று தெரியாது என்றார். மாமா திரும்பி வந்து, நாலு இடத்தில் கேட்டாயிற்று, ஒரு மூட்டை கூட இல்லை, கல்லுத்தூள் வேண்டுமானால் உண்டு என்றார். மேஸ்திரி கல்லுத்தூளுக்குத் தலையை ஆட்டினார். அங்கே அந்த ஆட்டலுக்கு வேண்டாம் என்று பொருள்.

நான் மதிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் முள்ளும் தார்ப்பாயும் செங்கல்லுமாக அத்தனை மணல் இருந்தது. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாமா திரும்பவில்லை. தெருவில் அந்த மணலைப் பார்க்காத ஒரு ஆள் கிடையாது, ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. இவ்வளவு பெரியவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது. மெஷின் நின்றிருந்ததை மறந்து, மெஷின் ஓடும்போது பேசுகிற குரலில் கத்தினேன்.

"அதான் பெரியப்பா வூட்ல நெறைய இருக்கே!"

அம்மாவின் விரல்கள் என் தோளில் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.

"சும்மா இரு. அது அண்ணனுக்கு வெச்சது" என்றாள், உதடு அசையாமல்.

"அண்ணன்தான் இப்ப வரலியே."

அதற்கு இன்னொரு கிள்ளு. எல்லாருடைய தலையும் ஒரே சமயத்தில் பெரியப்பா நின்றிருந்த மாடிக்கு உயர்ந்து, ஒரே சமயத்தில் கீழே தாழ்ந்தது. பெரியப்பா அசையாமல் நின்றார். பிறகு குடையை மடக்கினார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

நேராகச் சந்துக்குள் போனார். முள்ளை வெறுங்கையால் இழுத்துப் போட்டார். செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினார், அவசரமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. அப்பா ஓடினார்.

"வேணாண்ணா. லாரி வந்துடும்."

"எப்ப வரும்? மழ பேஞ்சி முடிச்ச அப்பறமா?"

"இல்லண்ணா, இது தம்பிக்கு வெச்சது." அப்பா தன் அண்ணன் மகனைத் தம்பி என்றுதான் சொல்வார்.

பெரியப்பா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து உரித்தார். உள்ளே மணல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

"அவன் வரும்போது வேற வாங்கிக்கலாம்டா. மணலுக்கா பஞ்சம்?"

மணலுக்குப் பஞ்சம் என்பதைக் காலையிலிருந்து எல்லாரும் ஓடி ஓடி நிரூபித்துக்கொண்டிருந்த தெரு அது. பெரியப்பா நல்ல நகைச்சுவையாகச் சொல்லிவிட்டார் என்று நான் உரக்கச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சட்டி வரிசைப் பெண்கள்கூட.

மேஸ்திரி உள்ளே வந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். "சலிச்ச மணலுங்க இது. இத ஜல்லியோட கொட்டறதுக்கு மனசே வரல."

"கொட்டுங்க" என்றார் பெரியப்பா.

மெஷின் மறுபடி ஓடியது. பெண்கள் சந்துக்கும் மெஷினுக்குமாக நடந்தார்கள். பெரியம்மா வாசற்படியில் வந்து நின்று பார்த்தார். குவியல் தரைக்கு நெருங்கியபோது மட்டும் பேசினார்.

"தரையோட வழிச்சிடாதீங்கம்மா. கொஞ்சம் வுட்டு வையுங்க."

மேஸ்திரி தலையசைத்தார். பெண்கள் சுவரோரமாக ஒரு வரி மணலை விட்டுவிட்டு மற்றதை எடுத்தார்கள். பெரியம்மா உள்ளே போய், எல்லாருக்கும் சோறு போட இலை நறுக்கினார். அன்றைய குழம்பில் புளியை அம்மா போட்டாளா பெரியம்மா போட்டாரா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சமையலறை மூலை முடிந்து, மேஸ்திரி மட்டக்கட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது முதல் தூறல் விழுந்தது. தளத்தின்மேல் எதையாவது விரிக்க வேண்டும் என்று எல்லாரும் அலைந்தார்கள். பெரியப்பாவின் நீலத் தார்ப்பாய் அதற்கு உபயோகப்பட்டது. அதற்கு இனி மூட வேறு எதுவும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வீடு கட்டி முடிந்தது. அண்ணன் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் அனுப்பினான். அங்கேயே உடன் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண், திருச்சிப் பக்கம். குழந்தை பிறந்த பிறகு மூவருமாக வந்தார்கள். குழந்தைக்குப் புழுக்கம் ஆகாது என்று எங்கள் புது வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் படுக்க வைத்தோம். அந்த அறைக்கு மேலே இருப்பது கடைசியாகப் போட்ட தளம். அண்ணன் தன் மணலுக்கு அடியில்தான் படுத்துத் தூங்கினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து மறப்பதற்கு அதற்குள் நானும் பழகியிருந்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவன் மாடியில் நின்று, "இந்தக் கம்பிய ஏம்பா இன்னும் வுட்டு வெச்சிருக்க? பாக்கவே நல்லால்ல. அறுத்துடலாம்ல?" என்றான்.

"கெடக்கட்டும்டா. துணி காயப்போட கொடி கட்டிக்கலாம்" என்றார் பெரியப்பா.

அதுவரை அவர்கள் துணியைக் கொல்லையில்தான் காயப்போட்டார்கள். மறுநாள் காலை கம்பியிலிருந்து கம்பிக்குக் கயிறு கட்டி, அதில் பெரியப்பாவின் ஒரு வேட்டி தொங்கியது.

மணல் எப்படிக் குறைந்தது என்பது எனக்குச் சிதம்பரத்தில் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது தெரிந்தது. ஈர மணல் ஊதிக்கொள்ளும். ஒவ்வொரு மணியையும் சுற்றி ஒட்டியிருக்கும் தண்ணீர் மற்ற மணிகளை நெருங்கவிடாது. அதனால் குவியல் பெரிதாகத் தெரியும். காய்ந்துவிட்டாலும் அள்ளும்போது படிந்துவிடும், முழுக்கத் தண்ணீரில் மூழ்கினாலும் படிந்துவிடும். ஆய்வகத்தில் குடுவையில் ஈர மணலைப் போட்டு, மேலே தண்ணீரை ஊற்றினார்கள். மணல் மட்டம் என் கண்முன்னால் இறங்கியது. மாமா அளந்தது ஆற்றிலிருந்து அப்போதுதான் வந்த, தண்ணீர் சொட்டிய மணலை. அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்து, நீ கொடுத்த ரெண்டு சட்டிக்கும் தளத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன்.

"அத நான் அன்னைக்கே சொன்னனே. அதுக்கு நீ காலேஜு போய்ப் படிக்கணுமா?" என்றாள் அம்மா. "மொதல்ல ஒன் மாமாவுக்குப் போன் போடு."

போட்டேன். "அதெல்லாம் புக்குல இருக்கறது பாப்பா. கோயிலுக்குக் குடுத்தது கணக்குல வருமா, வராதா?" என்றார் மாமா. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தக் குடுவை விளக்கியது மூன்றாவது வரியை மட்டும்தான். ஐந்தாவது வரியும் ஏழாவது வரியும் எனக்குப் புரிந்தது சென்ற வருடம். என் கல்லூரித் தோழிக்குக் கனடாவில் பி.ஆர்., அதாவது அங்கேயே நிரந்தரமாக இருக்கும் உரிமை, கிடைத்தது. குரூப்பில் எல்லாரும் வாழ்த்தினோம், நானும் கேக் படம் போட்டேன். போட்டுவிட்டு அவள் அப்பாவின் முகத்தை நினைத்தேன். உடனே வேறொரு முகம் நினைவுக்கு வந்தது, ஜாங்கிரிப் பெட்டியை நீட்டியபடி, இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்ன முகம். அண்ணன் இனி வரப்போவதில்லை என்பது ஜாங்கிரி தின்ற தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது. அந்த மணலைக் கேட்பது, தெரிந்ததை அவரிடம் வாய்விட்டுச் சொல்வதாகும். அதனால்தான் தளம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று அத்தனை பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அதை நான் சொன்னேன், மெஷின் நின்ற தெருவில், ஊருக்கே கேட்கும்படி. அவர் இறங்கி வந்து, அதைத் தாமே முடித்து வைத்தார். "மணலுக்கா பஞ்சம்" என்று அவர் சொன்னது அப்பாவுக்காகவா, பெரியம்மாவுக்காகவா, தமக்காகவா என்பது இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. சிரிப்பதற்கு அல்ல என்பது மட்டும் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா என்னை மாடிக்கு அழைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலியால் படியில் நின்று நின்று ஏறினார்.

"நீ இன்ஜினியருதான? இத கொஞ்சம் பாத்து சொல்லு பாப்பா."

கம்பிகளைப் பார்த்தேன். பாட்டிலுக்கு அடியிலும் துருவேறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. இவற்றை நம்பி மேலே தூண் எழுப்ப முடியாது, அறுத்துவிட்டுப் பூசி மூடிவிடலாம், கட்டுவதாக இருந்தால் அப்போது துளையிட்டுப் புதுக் கம்பி நடலாம் என்றேன். என் வேலையில் சொல்வது போலவே சொன்னேன்.

"யாரு கட்டப்போறா? இது வழியா தூணுக்குள்ள தண்ணி எறங்குமான்னுதான் கேட்டன்."

"எறங்கும் பெரியப்பா."

"சரி, அறுத்துடலாம்" என்றார்.

இப்போதைய நிலை இது. எங்கள் சமையலறைத் தளம் இதுவரை ஒழுகவில்லை. பெரியப்பா வீட்டுச் சந்தில் சுவரோரமாக ஒரு வரி மணல் அப்படியே இருக்கிறது, பூனை படுத்திருக்கிறது, யாரும் விரட்டுவதில்லை. மாடிக் கம்பிகளை இன்னும் அறுக்கவில்லை. மழைக்கு முன் பாட்டில்களை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார். அண்ணன் அடுத்த வருடம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.